பூத்தும் காய்க்காத செர்ரி

2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஆய்வுக்கூட வேலை காரணமாக விடுமுறையின் நடுவிலேயே நான் தில்லிக்குத் திரும்ப நேர்ந்தது. வரும்போது ஷிம்லாவில் எங்கள் வீட்டு மரத்தில் பறித்த செர்ரிப் பழங்களை ஓர் அட்டைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தேன். நம் சங்கத்து அறையில் பெட்டியைத் திறந்து வைத்த கால் மணி நேரத்தில் காம்புகளும் கொட்டைகளுமே எஞ்சின. தின்று முடித்த பின்னர்தான் நண்பர்களுக்கு ஐயங்கள் பிறந்தன. "அக்கா, கேக்கின் தலையில் வைப்பார்களே, அந்தச் செர்ரியா இது? அதன் சுவை வேறாக இருக்குமே!" என்றார் மதுரைத் தம்பி ஒருவர். "எங்கள் ஊட்டியில் வைத்தால் வளராதா?" என்று கேட்டார் நீலகிரித் தோழி. மூன்றாமவர் ஒன்றும் கேட்கவில்லை; இரண்டு கொட்டைகளைக் கழுவிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஊரில் கிணற்றடியில் ஊன்றும் எண்ணம் என்று பிறகு தெரிந்தது. இதழாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டு, "வாயால் சொன்னது போதும்; எழுதிக் கொடுங்கள்" என்றார். அதனால் விளைந்தது இக்கட்டுரை.

மதுரைத் தம்பியின் ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நம் நாட்டு ரொட்டிக் கடைகளில் கேக்கின்மேலும் பன்னுக்குள்ளும் செர்ரி என்ற பெயரில் வரும் செந்நிறப் பண்டம் பெரும்பாலும் நம் களாக்காயே ஆகும். விதையை நீக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றினால் களாக்காய் செர்ரியாகிவிடுகிறது! களா அரளிக் குடும்பத்து முட்செடி. செர்ரியோ ரோஜாக் குடும்பத்து மரம். ஆப்பிள், பேரி, பீச், பிளம், பாதாம் எல்லாம் அதற்கு உறவு. சாலை ஓரங்களில் நாம் பொறுக்கித் தின்ற தேன்பழத்தைச் சிங்கப்பூர் செர்ரி என்பார்கள். அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஷில்லாங்கில் நவம்பர் திங்களில் மலைச்சரிவெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூப்பது மட்டும் உண்மையிலேயே செர்ரி இனந்தான். அது இமயமலைக் காட்டுச் செர்ரி. இமாசலத்தார் அதனைப் பாஜா என்பர். அதன் பழம் சிறியது, புளிப்பது, பறவைகளுக்கே உகந்தது.

நாம் தின்றது இனிப்புச் செர்ரி. தாவர இயலார் அதற்கு இட்ட பெயர் புரூனஸ் ஏவியம். பறவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இப்பெயரின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. இதன் தாயகம் கருங்கடலையும் காஸ்பியன் கடலையும் அடுத்த மலைநாடுகள் என்பர். மித்ரிடாடிஸ் மன்னனை வென்ற ரோமானியத் தளபதி லுகுல்லஸ் இம்மரத்தை இத்தாலிக்குக் கொண்டுசென்றான் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். காட்டுச் செர்ரி அதற்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தது. தளபதி கொண்டுசென்றது நல்ல தோட்ட வகையாக இருக்கலாம். நம் நாட்டில் மிகுதியாக விளைவது காஷ்மீரத்தில். அங்கே இதற்குப் பாரசீக மொழிவழி வந்த கிலாஸ் என்ற பெயர் வழங்குகிறது. அடுத்த நிலையில் இமாசலப் பிரதேசத்து உயர்ந்த மலைகள். என் கதை அங்கேதான் நடக்கிறது.

நாங்கள் தென்காசிப் பக்கத்தார். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணி செய்பவர். 2012ஆம் ஆண்டு அவரை ஷிம்லாவுக்கு மாற்றினார்கள். நகரத்துக்கு வெளியே ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில், சரிவில் கட்டிய ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடியேறினோம். வீட்டுக்கார மூதாட்டியை மாதாஜி என்றே அழைப்போம். வீட்டின் முன்னே மூன்று படிகளாகச் சிறு தோட்டம். எங்கள் ஊரில் அப்பாவுக்கு ஒரு மாந்தோப்பில் பங்கு உண்டு. மண்ணைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது. மாதாஜியிடம் கேட்டுக்கொண்டு, 2014 ஜனவரியில் சந்தையில் ஒரு செர்ரி ஒட்டுக்கன்று வாங்கி வந்தார். குளிர் நாடுகளில் இலையுதிர்த்து உறங்கும் கன்றுகளை மண்ணில்லாமல் வெறும் வேரோடு, ஈரச் சாக்கில் சுற்றி விற்பார்கள். அந்தக் கன்றில் ‘பிங்’ என்று எழுதிய தகரச் சீட்டு ஒன்று தொங்கியது. அதே நாள் அதே வியாபாரியிடம் பக்கத்து வீட்டாரும் ஒரு கன்று வாங்கினார்கள். அதன் சீட்டில் இருந்த பெயர் ‘லாம்பர்ட்’. இந்த இரு பெயர்களையும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா நட்ட முறையில் குறை ஒன்றும் இல்லை. மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பினார். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி வைத்தார். செர்ரி வேர் ஈரத்தை விரும்பும். தேங்கிய நீரைப் பொறுக்காது. நீர் நின்றால் வேருக்குக் காற்று எட்டாமல் மரம் சில நாட்களிலேயே வாடத் தொடங்கும். எங்கள் தோட்டம் சரிவாக இருந்தது நல்லதாயிற்று. மரம் ஆண்டுக்கு ஆண்டு ஓங்கியது.

2018 ஏப்ரலில் முதன்முதலாகப் பூத்தது. பூ என்றால் சாதாரணப் பூவா! இலை விரியும் முன்னரே, ஒவ்வொரு குறுங்கிளையிலும் கொத்துக் கொத்தாக ஐந்து இதழ் வெண்பூக்கள். கிளை தெரியாது, வெண்மையே தெரியும். அம்மா அதைப் பார்த்து, முருங்கைக்குப் பிறகு இப்படி ஒரு மரம் பூத்துப் பார்த்ததில்லை என்றாள். இரு வாரத்தில் இதழ் உதிர்ந்தது. பச்சைக் காய்கள் மிளகளவு பருத்தன. பிறகு ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்ந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. முதல் ஆண்டு அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டோம். 2019இலும் அதே கதை. 2020இலும் அதே கதை. பக்கத்து வீட்டு மரமும் எங்கள் மரத்துக்கு முப்பது அடி தள்ளி நின்று, அதே நாட்களில் பூத்து, அவ்வாறே உதிர்த்தது. அவ்வாண்டுப் பனிக்காலத்தில் அவர்கள் அதை வெட்டி விறகாக அடுக்கிவிட்டார்கள்.

2021 ஏப்ரலில் எங்கள் மரம் பூத்து உதிர்ந்தபோது, மாதாஜியின் தம்பி தோட்டத்தைப் பார்வையிட வந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்து, "பாஞ்ஜ்" என்றார். மலடு என்று பொருள். அந்த இடத்தில் ஆப்பிள் வைத்தால் நாலு காசாவது வரும், பனிக்காலத்தில் வெட்டிவிடலாம் என்றும் சொன்னார். அப்பா மறுத்துப் பேசவில்லை. வாடகை வீட்டு மண்ணில் நமக்கு என்ன உரிமை? அம்மாவுக்கு இந்தி அதிகம் வராது. அந்தச் சொல் மட்டும் தெரிந்திருந்தது. அம்மாவுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டு கழித்துத்தான் நான் பிறந்தேன். அந்த ஒன்பது ஆண்டில் ஊரில் என்ன பேச்சுக் கேட்டாள் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை. பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று இரவு சோறு போடும்போது, "நல்லாத்தானே பூக்கு. மரத்துக்கிட்ட மட்டும் ஏன் குத்தம் பாக்கணும்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ செடி கொடின்னுதானே படிக்கே, என்னன்னு பாரேன்" என்றாள். நான் அப்போது இளம் அறிவியல் வகுப்பில் இருந்தேன். தாவர இயல் என் பாடம். மாதாஜியிடம் ஓர் ஆண்டு தவணை கேட்டுப் பெற்றோம்.

காரணம் தேடப் புகுந்தவள் முதலில் ஐயுற்றது குளிரை. செர்ரி மரம் பனிக்காலத்தில் உறங்கும். அந்த உறக்கம் கலைய, குறிப்பிட்ட அளவு குளிரை அதன் மொட்டுக்கள் அனுபவித்தாக வேண்டும். ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே நிலவும் மணிகளைக் கூட்டிக்கொண்டே போவது தோட்டக்கலையார் வழக்கம். இனிப்புச் செர்ரிக்குப் பொதுவாக 1000 மணிக்குக் குறையாமல் வேண்டும் என்பர்; வகைக்கு வகை இது 700ஆகவும் 1500ஆகவும் வேறுபடும். மொட்டு மணி பார்க்கும் கருவி அன்று. குளிரில் அதனுள் உறக்கத்தைக் காக்கும் மரபணுக்கள் மெல்ல அடங்குகின்றன, உறக்கம் தரும் அப்சிசிக் அமிலம் குறைகிறது. கணக்கு முடியுமுன் வெயில் வந்தால் மரம் குழம்பிவிடும். பூ சிறுத்து, முன்னும் பின்னுமாக மலரும். எங்கள் மரத்தில் அந்தக் குறி ஒன்றும் இல்லை. கிளையெல்லாம் ஒரே வாரத்தில் பூத்தது. ஆகவே குளிர் குற்றவாளி அல்ல.

இங்கேயே நீலகிரித் தோழிக்கு விடை சொல்லிவிடலாம். ஊட்டியில் உறைபனி உண்டு. ஆயினும் அது விடியற்காலைக் குளிர். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். ஒரு நாளில் சில மணியே தேறும். பகல் வெப்பம் அந்தச் சேமிப்பையும் ஓரளவு கரைத்துவிடும். குறைந்த குளிர் போதும் என்னும் பீச், பிளம், பேரி வகைகள் நீலகிரியில் காய்ப்பதும், இனிப்புச் செர்ரிக்கு அங்கே தோட்டங்கள் அமையாததும் இதனால்தான். தில்லிக்கும் இதே நியாயம். சாலையோர நாற்றங்கால்களில் செர்ரிக் கன்று என்று சொல்லித் தருவதை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து ஐயுற்றது தேனீயை. செர்ரியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து போகாது. தேனீதான் தூக்கிச் செல்ல வேண்டும். மழையும் குளிரும் சேர்ந்து பூக்கும் வாரத்தைக் கெடுத்துவிட்டால் தேனீ கூட்டை விட்டே கிளம்பாது. ஆனால் எங்கள் மாதாஜியின் வீட்டில் தேனீக்குப் பஞ்சமில்லை. இமாசலத்துப் பழைய வீடுகளில் சுவர் கட்டும்போதே உள்ளே ஒரு பொந்து விட்டு, வெளிப்புறம் சிறு துளை வைப்பார்கள். இந்தியத் தேனீ தானே வந்து குடியேறும். மாதாஜியின் சமையலறைச் சுவரில் அத்தகைய கூடு ஒன்று இருந்தது. பூக்கும் நாட்களில் மரத்தடியில் நின்றால் தம்பூரா மீட்டியது போல் ரீங்காரம் கேட்கும். ஆகவே தேனீயும் குற்றவாளி அல்ல.

எஞ்சியது ஒன்றே: துணை மரம். இனிப்புச் செர்ரி வகைகளில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தால் தாமே கருவுறுவதில்லை என்று பாடநூலில் படித்திருந்தேன். ஆனால் எங்கள் மரத்துக்குத் துணையாக 2020 வரை பக்கத்திலேயே வேறு வகை மரம் ஒன்று இருந்ததே! பிங் ஒரு வகை, லாம்பர்ட் மற்றொரு வகை. ஒரே காலத்தில் பூத்தன. இடையே முப்பது அடி. சுவர் நிறையத் தேனீ. ஆயினும் இரண்டும் காய்க்கவில்லை. இந்தப் புதிரில் பல நாள் முட்டிக்கொண்டேன்.

விடை பூவின் உள்ளே இருக்கிறது. செர்ரிப் பூவின் நடுவில் சூல்பை, அதன்மேல் மெல்லிய சூல்தண்டு, உச்சியில் சூல்முடி. தேனீ கொண்டுவரும் தாதுமணி சூல்முடியில் ஒட்டி முளைக்கும். அதிலிருந்து ஒரு குழல் சூல்தண்டின் வழியே கீழிறங்கிச் சூலை அடைந்தால் கரு உண்டாகும்; காய் நிற்கும். இந்தப் பயணத்துக்கு மரம் ஒரு காவல் வைத்திருக்கிறது. எஸ் எனக் குறிக்கப்படும் மரபணு இடத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு வகைகள் உண்டு. ஒவ்வொரு தாதுமணிக்கும் அவற்றில் ஒன்று உண்டு. சூல்தண்டு தன் இரு வகைக்கும் உரிய நொதிகளைச் சுரக்கிறது. இறங்கிவரும் தாதுக்குழலின் வகையும் நொதியின் வகையும் ஒன்றாயின், நொதி குழலினுள் இருக்கும் ஆர்.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். குழல் நடுவழியிலேயே நின்றுபோகும். வகை வேறாயின் தாது தப்பித்துச் சூலை அடையும்.

நம் ஊர் வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. மாமன் வீட்டில் எடுக்கலாம். ஒரே குலத்தார் வேறு வேறு ஊரில், வேறு வேறு பெயரில் வாழ்ந்தாலும் பங்காளிகளே அல்லவா? பிங் மரத்தின் எஸ் வகைகள் 3, 4. லாம்பர்ட்டின் வகைகளும் 3, 4! பெயரும் உருவும் வேறு; குலம் ஒன்று. நெப்போலியன் என்ற மஞ்சள் செர்ரியும் இவ்விரண்டின் பங்காளியே. மூன்றையும் ஒரே தோப்பில் நூறு நூறாக நட்டாலும் ஒன்றுக்கொன்று உதவா. இத்தகைய குலங்களை முதலில் வகுத்துக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் நிலையத்தில் ஆராய்ந்த கிரேனும் அவருடன் உழைத்தவர்களும் ஆவர். இன்று இலையில் ஒரு துணுக்கை எடுத்து டி.என்.ஏ. சோதனையாலேயே குலத்தைக் கண்டுவிடலாம். பட்டியலில் 3, 4 என்ற எண்கள் இரு பெயர்களுக்கு நேரேயும் இருக்கக் கண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் மரத்துக்குக் குறை இல்லை. விறகாகிப்போன பக்கத்து வீட்டு மரத்துக்கும் இருந்ததில்லை.

இந்தப் பிங் என்ற பெயரைப் பற்றி ஒரு செய்தி. பலரும் இதை ஒலிக்குறிப்பு என்று எண்ணுகின்றனர். இது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மில்வாக்கி என்ற ஊரில் சேத் லுவெல்லிங் என்பவர் நடத்திய தோட்டத்தில் 1875ஆம் ஆண்டளவில் இந்த வகை தோன்றியது. அத்தோட்டத்தில் மேற்பார்வை செய்த சீனத் தொழிலாளி ஆ பிங் என்பவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1882இல் சீனர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. ஆ பிங் 1889இல் தம் ஊரைப் பார்க்கச் சீனம் சென்றார். சட்டம் வழி மறித்ததால் திரும்பி வர இயலவில்லை என்பர். அவர் பெயர் தாங்கிய பழம் உலகெங்கும் போகிறது. வெளியூர்ச் சோறு உண்ணும் நமக்கு இது சும்மா கேட்டுவிட்டுப் போகும் செய்தியன்று.

காரணம் தெரிந்தபின் மெய்ப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மேல்மலைத் தோட்டக்காரர் ஒருவரிடம் ‘வான்’ என்ற வகையின் பூங்கிளைகளைக் கேட்டு வாங்கினேன். வான் மரத்தின் எஸ் வகைகள் 1, 3. அதன் தாதுமணிகளில் பாதி 3ஆம் வகை. அவை பிங்கினுள் நின்றுபோகும். மறு பாதி 1ஆம் வகை. அவற்றுக்குத் தடை இல்லை. பாதி போதாதா? மலராத மொட்டுக்களின் தாதுப்பைகளைக் கிள்ளி, காகிதத்தில் பரப்பி, ஓர் இரவு அறைக்குள் உலர்த்தினேன். பை வெடித்து மஞ்சள் பொடி உதிர்ந்தது. எங்கள் மரத்தில் இரண்டு கிளைகளை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய மல்துணிப் பையால் மூடியிருந்தேன். பூத்ததும் ஒன்றன் பூக்களுக்கு அதே மரத்தின் தாதையும், மற்றதன் பூக்களுக்கு வான் தாதையும் நீர்வண்ணத் தூரிகையால் தொட்டு வைத்தேன். கிளைக்கு 60 பூ. பிங் தன் தாதைத் தானே ஏற்காது என்பதால் கேசரங்களை நீக்கும் வேலை மிச்சமாயிற்று. மிஞ்சிய பூங்கிளைகளை ஒரு வாளி நீரில் நிறுத்தி மரக்கவட்டில் கட்டித் தொங்கவிட்டேன். தேனீக்கள் தம் பங்கைச் செய்யட்டும் என்று. ஆப்பிள் தோட்டங்களில் இது பழைய பழக்கம்.

மே நடுவில் எண்ணிப் பார்த்தேன். தன் தாது இட்ட கிளையில் ஒன்றும் இல்லை. வான் தாது இட்ட கிளையில் 22 காய்கள். வாளி தொங்கிய பக்கத்துக் கிளைகளில் ஆங்காங்கே சில கொத்துக்கள். மாதாஜி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளையை வளைத்துப் பார்த்தார். அவருடைய தம்பி வந்தபோது, ஆப்பிள் கன்றை மேற்படியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்தப் பழங்களை அம்மா ஒரு தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து வந்தாள்.

ஆண்டுதோறும் வாளி கட்ட முடியுமா? வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மரத்துக்கு இடம் இராது. இதற்கு நல்ல வழி, அதே மரத்தில் துணை வகையின் கிளை ஒன்றை ஒட்டுக் கட்டுவதே. 2023 ஜனவரியில், உறங்கும் வான் மரத்திலிருந்து பென்சில் பருமன் குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தோம். மார்ச் தொடக்கத்தில் எங்கள் மரத்தில் மொட்டு உப்பத் தொடங்கியதும் ஒட்டுக் கட்டினோம். அதே பருமனுள்ள கிளையையும் குச்சியையும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுதியான நீளத்தில் சாய்வாகச் சீவ வேண்டும். இரண்டிலும் நாக்குப் போல ஒரு கீறல் இட்டு ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். பட்டைக்கு உட்புறம் உள்ள பச்சை வளர்திசு இரண்டிலும் ஒரு பக்கமாவது பொருந்தியிருப்பது முக்கியம். உயிர் ஒட்டுவது அந்த மெல்லிய கோட்டில்தான். பிறகு பாலிதீன் பட்டையால் இறுகச் சுற்றி, குச்சியின் நுனிக்கு மெழுகு பூசிவிடுவது. மாவில் ஒட்டுக் கட்டிப் பழகிய அப்பாவின் கை இரண்டு கட்டியது, இரண்டும் துளிர்த்தன. நான் கட்டியது ஒன்று, அது காய்ந்துபோயிற்று. புத்தகம் படித்த கை வேறு, கத்தி பிடித்த கை வேறு என்று அப்பா சிரித்தார். 2024 வரை வாளியும் கட்டினோம். 2025 ஏப்ரலில் வான் கிளைகளே பூத்தன. நீங்கள் தின்றது அந்த அறுவடை.

துணையே வேண்டாத வகைகளும் இன்று உண்டு. தாதில் எக்ஸ் கதிர் பாய்ச்சி 4ஆம் வகையின் காவல் பலிக்காதபடி ஜான் இன்ஸ் நிலையத்தில் ஒரு மரத்தை உண்டாக்கினார்கள். அதனை லாம்பர்ட்டோடு கலந்து கனடாவின் சம்மர்லாந்து ஆய்வு நிலையத்தில் பிறந்தது ‘ஸ்டெல்லா’, 1968இல் வெளியாயிற்று. அது தன் தாதாலேயே காய்க்கும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்போர் அதனையோ அதன் வழிவந்த ‘லாபின்ஸ்’ வகையையோ கேட்டு வாங்குவது நலம். கன்று வாங்கும்போது வகைப்பெயர் எழுதிய சீட்டைத் தொலைத்துவிடக் கூடாது. எங்களிடம் அந்தத் தகரச் சீட்டு இல்லாதிருந்தால் இத்தனையும் தெரிந்திராது.

வளர்ப்பில் மற்றவை சுருக்கமாகவே சொல்லத்தக்கன. அடுத்த ஆண்டுப் பூவின் கரு முந்திய கோடையிலேயே உருவாகிறது; ஆகையால் பழம் பறித்ததும் மரத்தை மறந்துவிடாமல் நீர் விட வேண்டும். அக்கோடை மிகக் கடுமையாக இருந்தால் ஒரே பூவில் இரண்டு சூலகம் தோன்றி, மறு ஆண்டில் இரட்டைப் பழமாக வரும். தின்னக் கெடுதல் இல்லை. கிளை வெட்டுவதை ஈரம் இல்லாத நாளில் செய்க. ஈரக் காயத்தில் நுண்ணுயிர் புகுந்தால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். வெட்டிய இடத்தில் போர்டோப் பசை தடவுவது வழக்கம். பழம் பழுக்கும் வாரத்தில் மழை பெய்தால் அதன் தோல் நீரை உறிஞ்சிப் பருத்து வெடித்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. முன்கூட்டிப் பறிக்கவும் முடியாது, ஏனெனில் செர்ரி மாம்பழம் போலப் பறித்தபின் பழுப்பதில்லை. காம்போடு பறிக்க வேண்டும். காம்பு கிளம்பும் குறுங்கிளையை ஒடித்துவிட்டால் வரும் ஆண்டுகளின் பூவும் அதோடு போயிற்று. கொண்டலாத்திக் குருவிகளுக்கு வலை கட்டலாம். ஷிம்லாக் குரங்குகளுக்கு வலை ஒரு பொருட்டன்று. அம்மா தகர டப்பாவும் கரண்டியுமாகத் திண்ணையில் காவல் இருந்தாள்.

கைக்குட்டையில் கொட்டை முடிந்த நண்பருக்கு: அந்தக் கொட்டை முளைக்கவே ஏறத்தாழ மூன்று திங்கள் ஈர மணலில் குளிர்ந்து கிடக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்து முளைக்கச் செய்துவிடலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் அந்தச் செடி உறங்கவும் தெரியாமல் விழிக்கவும் தெரியாமல் நலியும். தப்பிப் பிழைத்தாலும் தாய்மரத்தின் பழம் அதில் வராது. கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிடவும் வேண்டாம்; அதிலுள்ள அமிக்டலின் வயிற்றுக்குள் சயனைடாக மாறும். அப்பாவும் பத்துக் கொட்டை எடுத்து வைத்திருக்கிறார். இத்தனையும் அவரிடம் சொன்னேன். "கெடந்துட்டுப் போகுதும்மா" என்றார்.

வரும் நவம்பரில் அவர் ஓய்வு பெறுகிறார். பெற்றோர் தென்காசிக்குத் திரும்புகின்றனர். அடுத்துக் குடிவருவோர் கிளையைக் கழிக்கும்போது தெரியாமல் வான் கிளைகளை வெட்டிவிட்டால் மரம் பழைய நிலைக்கே போய்விடும். ஆகவே அவ்விரு கிளைகளிலும் வெள்ளைச் சுண்ணாம்பு வளையம் தீட்டி, பள்ளியில் படிக்கும் மாதாஜியின் பேத்திக்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தகரச் சீட்டிலும் ஆணியால் பிங் என்பதன் கீழே வான் என்று கீறியிருக்கிறோம். பக்கத்து வீட்டார் பழைய மரம் நின்ற குழியை விட்டு ஆறடி தள்ளி, சென்ற பனிக்காலத்தில் ஒரு ஸ்டெல்லாக் கன்று வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, எங்கள் மரத்துக்கு அது முறையாகுமா என்று கேட்டுக்கொண்டார்கள்.